சாதிக்காய் மரத்துக்குப் பிணை

எங்கள் வீட்டின் பின்பக்கம், வேலியிலிருந்து நாலடி தள்ளி, ஒரு சாதிக்காய் மரம் நின்றது. எங்கள் லேன் மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சாதிக்காயோ கராம்போ மிளகோ உண்டு. ஆகவே ஒரு மரம் நின்றது என்பதில் எழுத ஒன்றுமில்லை. அதை நான் வெட்டுவித்தேன். ஏன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கணவருக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

அது ஆண் மரம். சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும், உதிர்க்கும், ஒரு காய்கூடத் தராது. பெண் மரத்தின் பூ பெரும்பாலும் தனியாய் இருக்கும், அதுதான் காயாகும். ஆனால் பக்கத்தில் ஆண் மரம் இல்லாவிட்டால் பெண் மரம் எத்தனை பூத்தாலும் பிஞ்சு பிடிக்காது. நான் பாடசாலையில் விவசாயம் படிப்பிக்கிறவள். இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு பெண் மரங்கள். என் கணவர் அவரை அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். ஐம்பது தாண்டியவர். அவருடைய வருடமே அந்த நாலு மரத்தைச் சுற்றித்தான் ஓடும். காய் வெடிக்கும் காலத்தில் காலையும் மாலையும் கீழே விழுந்ததைப் பொறுக்குவார். சிவப்பு வலைபோல் இருக்கும் சாதிபத்திரியைக் கொட்டையிலிருந்து கிழியாமல் கழற்றி, சுளகில் பரப்பி, தகரக் கூரை மேல் காயவைப்பார். தோலில் அச்சாறு போட்டு லேன் முழுக்கப் போத்தல் போத்தலாய்க் கொடுப்பார். "நம்ம மரத்துக் காய் மாதிரி இந்தப் பக்கத்துலயே இல்ல" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுவார். ருசியாகத்தான் இருக்கும். அதை மறுக்க மாட்டேன்.

எங்கள் மரம் அவருடைய கூரைத் தண்ணீர்ப் பீலியில் இலை கொட்டியது. அதுதான் அவருக்குத் தீராத குறை. மழைக்காலத்துக்கு முன் வேலியோரம் வந்து நின்று, "டீச்சர், உங்க மரம் எனக்குக் குப்பை மட்டும் தான் அனுப்புது" என்பார். நான் மன்னிப்புக் கேட்பேன். மன்னிப்புக் கேட்பது என் பழக்கம். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமும் கேட்பேன் என்று கணவர் கேலி செய்வார்.

மகள் பிறந்து எட்டு மாதமாயிருந்த தை மாதம், பொங்கலுக்கு மறுநாள் காலை, அக்கா ஒரு கத்தியும் தேய்ந்த விளக்குமாறும் எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார்.

"காய்க்காத மரத்த இன்னைக்குத் தான் மிரட்டணும். ஒருத்தர் வெட்டப் போகணும், இன்னொருத்தர் பிணை நிக்கணும். வீட்டுக்காரங்க தான் நிக்கணும். வாங்க டீச்சர்."

"இல்ல அக்கா, இந்த மரம் வந்து..."

"புஸ்தகத்துல இது இருக்காது. வாங்க."

கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அக்கா கத்தியைத் திருப்பிப் பிடித்து அடிமரத்தில் டொக்கென்று தட்டினார்.

"எத்தன வருஷமா நிக்கிற! ஒரு காய் உண்டா? வெட்டப்போறேன். வெட்டவா?"

"வெட்டாதீங்க அக்கா."

"சத்தமா சொல்லுங்க. எனக்கு இல்ல, மரத்துக்குக் கேக்கணும்."

"வெட்டாதீங்க! அடுத்த வருஷம் காய்க்கும்."

"யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

விளக்குமாற்றை ஒரு கிளையில் தொங்கவிட்டார், வெட்கப்பட்டுக் காய்க்கட்டும் என்று. ஆண் மரம் காய்க்கும் என்று ஒரு விவசாய டீச்சர் பிணை நின்றதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு, "அக்கா, இது ஆண் மரம். இது காய்க்காது, ஆனா..." என்று தொடங்கினேன்.

"ஆண் மரமா? அப்ப வெட்டத்தானே வேணும்! ஆண் பப்பாசிய யாராச்சும் வச்சிருக்காங்களா?" என்றார். கணவரும் சேர்ந்து சிரித்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான், ஆண் பப்பாசி என்று தெரிந்த அன்றே வெட்டி எறிந்துவிடுவார்கள். மகள் சிணுங்கினாள். நான் அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வாக்கியத்தின் மற்றப் பாதியை நான் சொல்லவேயில்லை. அன்றைக்கு அதில் வஞ்சம் இல்லை, வெட்கம்தான். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

தோட்டம் எனக்குப் பிள்ளைக்கு முந்தியே இருந்த பழக்கம். தை மழை விட்டதும் சாதிக்காய் மரத்தில் காய்ந்த குச்சிகளை மட்டும் கழிப்பேன். ஏப்ரல் மழைக்குப் பிறகு எக்ஸோராவையும் குரோட்டனையும் மட்டப்படுத்துவேன். ஜூலை, ஆகஸ்டில் காற்று எல்லாவற்றையும் உறிஞ்சும்போது கத்தியையே தொடாமல், உதிர்ந்த இலைகளை வேரில் குவித்துத் தண்ணீர் மட்டும் ஊற்றுவேன். ஐப்பசி மழைக்குச் சற்று முன் ரோசாவுக்குக் கவ்வாத்து. சாதிக்காய் மர நிழலில் அந்தூரியம், பன்னச் செடிகள், வேலிக் கிளிசரிடியா மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். மகளின் பால், தூக்கம், மலம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இன்னொரு கொப்பி. எதையும் எழுதாவிட்டால் நான் தவறவிட்டுவிடுவேன் என்ற பயம்.

அந்த ஆகஸ்டில் மகள் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கிடந்தாள். காய்ச்சல் விட்ட பிறகும் சாப்பாட்டைக் கண்டால் வாயை இறுக்கிக்கொண்டாள். கிளினிக்குக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டு அக்காவும் அங்கே இருந்தார், தன் மகளுக்குத் துணையாக. அவருடைய மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. என் பிள்ளையைத் தராசில் வைத்தார்கள். கார்டில் நிறைக்கோடு பச்சைப் பட்டையிலிருந்து கீழே இறங்கியது. மருத்துவமாது மிஸ் கார்டைப் பார்த்து, "என்ன குடுக்கிறீங்க? எத்தன நேரம்?" என்று கேட்டார். நான் கொப்பியை எடுக்கப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மிஸ், டீச்சர் வீட்ல மரத்துக்கெல்லாம் வேளாவேளைக்குத் தண்ணி போகுது. புள்ளைக்குத் தான் நேரமில்ல."

வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள், கொஞ்சம் களைப்போடு, ஒரு பகிடிக்குச் சிரிக்கிற சிரிப்பு. மிஸ் சிரிக்கவில்லை. கார்டில் ஏதோ குறித்து, "நான் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாக்கிறேன்" என்றார்.

வந்தார். சமையலறையைப் பார்த்தார், பானையைத் திறந்து பார்த்தார், கொப்பியைப் புரட்டினார். "இவ்வளவு எழுதுறீங்களே, நல்லாத் தானே பாக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதை லேன் பார்த்தது. பாடசாலை நாட்களில் பிள்ளையைப் பார்க்க ரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் என் மாமியார், அன்று பின்னேரம் குரலைத் தாழ்த்தி, "கொஞ்ச நாளைக்கு அந்தத் தோட்டத்த விடேன்மா. நாலு பேர் பேசுறாங்க" என்றார்.

நான் விட்டேன். இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. கிளினிக்கில் அக்கா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு, பிள்ளை எழும்புமுன், நான் தூங்க வேண்டிய நேரத்தில் ஊற்றிய தண்ணீர் அது. ஆனாலும் வாளியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்டது. ஒருவேளை உண்மையோ? அந்த அரை மணி நேரத்தில் இன்னொரு முட்டை அவித்திருக்கலாமோ? பதினேழு நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அந்தக் காற்றில் பதினேழு நாள் என்றால் என்ன என்று தெரிந்தேதான் ஊற்றாமல் இருந்தேன். ரோசா ஆறில் நாலு போயிற்று. மிளகுக்கொடி நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக் கோப்பையோடு ஜன்னலருகே இருந்து, ஊட்டிக்கொண்டே, அவை சாவதைப் பார்த்தேன். மகள் அப்போதும் சாப்பிடவில்லை. அவளுக்குத் தோன்றியபோது, செப்டெம்பரில் ஒரு காலை, தானாகவே என் தட்டிலிருந்து ரொட்டியைப் பிடுங்கித் தின்னத் தொடங்கினாள். மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதே வாரம் அக்கா வேலியோரம் வந்தார். கணவரும் நின்றிருந்தார்.

"தம்பி, மழைக்கு முந்தி அந்த மரத்த வெட்டிப்புடுங்களேன். மகளுக்குக் குழந்தை கிடைக்கிற நேரம், பீலி அடைச்சு வீட்டுக்குள்ள ஒழுகினா நான் என்னா செய்வேன்? டீச்சர் பிணை நின்னீங்க. காய்ச்சுதா? இல்லையே. மரத்தையும் வளக்கத் தெரியல..."

அவர் மற்றப் பாதியைச் சொல்லவில்லை. என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்குள் ஏதோ ஒன்று மிக அமைதியாகி விட்டது. "சரி அக்கா. நீங்க கேட்டா வெட்டிரலாம்" என்றேன். கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கிளையைக்கூட யோசித்து யோசித்து வெட்டுகிறவள் நான்.

அதையும் யோசித்துத்தான் செய்தேன். அடுத்த மூன்று நாள் பின்னேரங்களில் மகளைத் தூக்கிக்கொண்டு உலாவப் போவதுபோல் லேன் முழுவதும், அப்பால் பிரதான பாதை வரையும் நடந்தேன். சாதிக்காய் மரம் கண்ட இடமெல்லாம் நின்று கீழே விழுந்த பூக்களைப் பார்த்தேன். எல்லாம் தனிப் பூக்கள், எல்லாம் பெண் மரங்கள். காய்க்காததை எல்லோரும் எப்போதோ வெட்டிவிட்டிருந்தார்கள். அடுத்த ஆண் மரம் ஒரு மைலுக்கு அப்பால், உல்லாசப் பயணிகள் வரும் வாசனைத்திரவியத் தோட்டத்தில்தான் நின்றது. லேன் முழுவதும் எங்கள் மரத்தை நம்பித்தான் காய்த்துக்கொண்டிருந்தது. எல்லோரையும்விட வேலியை ஒட்டி நின்ற அந்த நாலும். மகள் என் கையிலிருந்த பூவை வாங்கி முகர்ந்து பார்த்துத் தும்மினாள். மற்ற வீடுகளுக்கும் காய் குறையும் என்று எனக்குத் தெரிந்தது. கிளினிக் வாங்குகளில் இருந்தவர்களும் சிரித்தார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயமில்லை. எல்லோரும் சிரித்தார்களா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

மரம் வெட்டுகிறவர் ஒரு சனிக்கிழமை வந்தார். அடிமரத்தில் கற்பூரம் கொளுத்தினார். தொங்கிய விளக்குமாற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே ஏறினார். பாதிக் கிளைகளைக் கழித்துவிட்டு இறங்கியபோது அவர் தோளெல்லாம் மஞ்சள் பூ. ஒரு கொத்தைத் துடைத்தெடுத்து உற்றுப் பார்த்தார்.

"அம்மா, இது ஆண் மரம். பக்கத்துல காய்க்கிற மரம் நிக்குதே. வேற ஆண் மரம் இருக்கா இங்க?"

அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போயிருந்தார். கோப்பைச் சத்தம் கேட்டது. கணவர் முன்பக்கம் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார். வெட்டுகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்டது என்னிடம் மட்டும்தான். வெட்டியது போதும், நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். மிச்சக் கிளைகளோடு மரம் பிழைத்திருக்கும்.

"இருக்கு" என்றேன். "அங்கிட்டு ரெண்டு நிக்குது."

"அப்ப சரி" என்று அவர் மெஷின் வாளை இழுத்து முடுக்கினார்.

அக்கா தேத்தண்ணியோடு வந்து, மரம் சாய்வதைப் பார்த்து, "அப்பாடா, இப்பத் தான் வெளிச்சம் வந்திருக்கு" என்றார். வெளிச்சம் வந்தது உண்மைதான். என் அந்தூரியங்கள் ஒரே வாரத்தில் வெளுத்தன. பன்னங்கள் முறுகின. மகள் பகலில் தூங்கும் அறை அடுப்புப்போல் ஆயிற்று, அவளை முன்னறைக்கு மாற்றினோம். அதையெல்லாம் நான் முன்பே கணக்கில் எடுத்திருந்தேன். பழிவாங்குவதற்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரியும். கொடுத்தேன்.

சாதிக்காய் பூவிலிருந்து வெடிக்க ஒன்பது மாதம். ஆகவே எனக்கு அவசரம் இல்லை. ஏற்கெனவே பிஞ்சு பிடித்தவை எல்லாம் ஒழுங்காக முற்றின, அச்சாறு போத்தலும் வந்தது. நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். ஐப்பசி மழையில் மீந்த இரண்டு ரோசாவுக்குக் கவ்வாத்துப் போட்டேன், கருகிய மிளகுக்கொடியை ஒன்றரை அடிக்குக் குறைத்துப் புதுத் தளிரைக் கட்டினேன். ஐந்து மணிக்கே எழும்பினேன். இப்போது அந்தக் குரல் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் பூக்கள் கொட்டுவதை மட்டும் பார்த்தேன், காலையில் தரை மஞ்சளாய் இருக்கும். ஒன்றும் கிளையில் தங்கவில்லை.

எங்கள் பக்கம் அடிக்கட்டை தளிர்த்தது. வெட்டிய மூன்றாம் மாதமே பட்டைக்குள்ளிருந்து பச்சை முளைகள். தோட்டத்தைச் சுற்றி வரும்போது கட்டைவிரலால் அவற்றைத் தேய்த்துவிடுவேன். வாரம் ஒருமுறை போதும். கொப்பியில் "அடிக்கட்டை – தளிர் நீக்கியது" என்று திகதியோடு எழுதினேன். பருவ வேலைகளுள் ஒன்றாக அது ஆகிவிட்டது. சில நாள் விரல் பிசுபிசுக்கும்போது, மகளுக்கு நான் ஊட்டுகிற விரலும் இதுதான் என்று நினைவு வரும். கழுவிவிட்டுப் போவேன்.

அடுத்த ஆகஸ்டில் அக்காவின் கூரையில் ஒரு சுளகும் ஏறவில்லை. நாலு மரத்திலும் தேடித் தேடி ஏழெட்டுக் காய். எங்கிருந்தோ பறந்து வந்த பூச்சியின் புண்ணியம். "அனே, என்னா நடந்துச்சோ தெரியல. கண்ணு பட்டுருச்சு" என்று ஒவ்வொரு வேலியாய்ப் போய்ச் சொன்னார். மற்ற வீடுகளிலும் காய் குறைந்திருந்தது; அவர்கள் மழையைக் குறை சொன்னார்கள். உரம் போட்டார். வேரைக் கிளறி வெங்காயத் தோல் போட்டார். ஒரு மரத்தில் ஆணி அடித்தார். ஆணி அடிக்கிற சத்தம் எங்கள் சமையலறைக்குள் கேட்டது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு சொல்லால் எழுத முயன்று பார்த்தேன், சந்தோஷம்தான் சரியான சொல்.

இந்தத் தை மாதம், பொங்கலுக்கு மறுநாள், வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், கொஞ்சம் வாங்களேன். எனக்குப் பிணை நிக்க ஆள் இல்ல."

வீட்டுக்காரர்தான் பிணை நிற்க வேண்டும் என்று அவரே சொன்னவர். ஆனால் வெட்டுகிறவரும் அவர், வீட்டுக்காரரும் அவர். அவருடைய மகள் குழந்தையோடு தன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நான் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் அதே கத்தியை வைத்திருந்தார். முகம் வற்றியிருந்தது. முதல் மரத்தடியில் நின்று தட்டினார். எங்கள் மரத்தை மிரட்டியபோது இருந்த ஏறிய குரல் இல்லை.

"வெட்டவா?"

மற்றப் பாதி என் நாக்கில் இருந்தது. "அக்கா, வெட்டின மரம்தான் இதுக்குப் பூந்தூள் குடுத்துச்சு." அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியது. வாயைத் திறந்தும் விட்டேன்.

அவர் அப்போது குனிந்து என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார். "பாருங்களேன், எப்பிடித் தேறிருச்சு! அன்னைக்கு நான் மட்டும் கிளினிக்ல அத சொல்லாம இருந்திருந்தா நீங்க மரத்தையே பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. என்னை ஏசியிருப்பீங்க அப்ப. ஆனா புள்ளைக்கு நல்லது தானே நடந்துச்சு?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"வெட்டாதீங்க அக்கா" என்றேன், மரத்துக்குக் கேட்கும்படி சத்தமாக. "அடுத்த வருஷம் காய்க்கும்."

"யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

நாலு மரத்துக்கும் நாலு தரம் சொன்னேன். கடைசி மரத்தில் மகளும் சேர்ந்து "நா பொறுப்பு" என்று கத்தினாள். அக்கா சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நேரே அடிக்கட்டைக்குப் போனேன். மழைக்குப் பிறகு ஐந்து தளிர் வந்திருந்தது. நாலைத் தேய்த்துவிட்டேன். ஐந்தாவது, சாணளவு, நேராய் நின்றது. விரலை வைத்தேன். மகள் பக்கத்தில் குந்தி, "நா பொறுப்பு, நா பொறுப்பு" என்று பாடிக்கொண்டிருந்தாள். யாருக்கு, எதற்குப் பொறுப்பு நிற்க நான் இவளைப் பழக்குகிறேன் என்று நினைத்தேன்.

விரலை எடுத்தேன்.

மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தளிர் கிளைவிட்டுப் பூக்க எப்படியும் நாலைந்து வருடம் செல்லும். அதன் பிறகு ஒன்பது மாதம். அதுவரை ஒவ்வொரு தையிலும் அவர் கத்தியோடு கூப்பிடுவார், நான் போய்ப் பிணை நிற்பேன். அதற்கு முன் அவருக்குப் பொறுமை போய் உண்மையாகவே தன் நாலு மரத்தையும் வெட்டப் போனால், அன்றைக்கு மற்றப் பாதியைச் சொல்வேனா என்று எனக்குத் தெரியவில்லை.

கொப்பியில் அன்றைய திகதியைப் போட்டு எழுதினேன்: "அடிக்கட்டை – நாலு தளிர் நீக்கியது. ஒன்று விட்டது." தளிரைச் சுற்றி உதிர்ந்த இலைகளைக் குவித்தேன். ஆகஸ்டுக் காற்றுக்கு முன் அதற்கு ஒரு நிழல் கட்ட வேண்டும்.